வயதான நாயின் கடைசி மாதங்களும் அதன் பிறகு வரும் வீட்டு வேலைகளும்: மூத்தோர் வீட்டுக்கான முழுமையான வழிகாட்டி

நாய்க்கு வயதாகும்போது அதை வளர்த்தவர்களுக்கும் வயதாகியிருக்கும். பிள்ளைகள் பள்ளியில் படித்த காலத்தில் வந்த குட்டி அது. அவர்கள் வேலை, கல்யாணம் என்று வெளியூர் போன பிறகு, அறுபத்தைந்து எழுபது வயதான இருவரின் பொறுப்பில், சில வீடுகளில் தனியாக இருக்கும் ஒருவரின் பொறுப்பில், அது நிற்கும். நாட்டு நாய் நன்றாக வளர்த்தால் 12 முதல் 15 வயது வரை இருக்கும். லாப்ரடார் போன்ற பெரிய வகைகளுக்கு ஏழெட்டு வயதிலேயே முதுமை தொடங்கிவிடும். கடைசி ஆறு மாதம், ஒரு வருடம் என்பது பாசம் மட்டும் போதுகிற காலம் அல்ல. தூக்குவது, துடைப்பது, துவைப்பது, கணக்கு வைப்பது என்று தினசரி உழைப்பு கேட்கிற காலம். வளர்ப்பவரின் முழங்காலும் இடுப்பும் அதற்குத் தாங்க வேண்டும். அந்த நாய் போன மறுநாள், அத்தனை வேலையும் ஒரே நேரத்தில் நின்றுபோகும். முதுமையில் இந்தத் துக்கம் உறைப்பது பெரும்பாலும் அந்த வெற்று நேரங்களில்தான். ஆகவே வேலைகளை எப்படிச் செய்வது, எந்த வரிசையில் நிறுத்துவது என்பதையே இங்கே முதன்மையாகச் சொல்கிறோம்.

முதலில் தரை

வயதான நாய் நடக்காமல் போவதற்கு மூட்டு வலி பாதிக் காரணம், வழுக்கும் டைல்ஸ் மீதிக் காரணம். பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து ஒருமுறை விழுந்துவிட்டால், அடுத்த முறை எழுந்திருக்கவே பயப்படும். வீட்டுக்காரர் ஓடிவந்து தூக்கும்போது அவரும் வழுக்குவார். அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரை, அங்கிருந்து கொல்லைக் கதவு வரை, இரண்டடி அகலத்தில் ஒரு பாதை போடுங்கள். மலிவான யோகா பாய் போதும். நாற்பக்கமும் இருபக்க ஒட்டும் டேப் ஒட்டுங்கள். ஓரம் சுருண்ட பாய், டைல்ஸை விட ஆபத்து. பெரியவர்களின் கால் அதில்தான் தடுக்கும். சாக்கு, பழைய புடவை, கோரைப்பாய் மூன்றும் இதற்கு வேண்டாம். நகர்ந்துகொண்டே இருக்கும்.

பாதங்களைப் பாருங்கள். நடக்கிற நாய்க்கு நகம் தானாகத் தேயும். படுத்தே இருக்கும் நாய்க்கு நகம் வளர்ந்து, பாதத்தின் மெத்தை தரையில் படாமல் போகும். நிற்கும்போது நகம் தரையில் முட்டுகிறதென்றால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. மெத்தைகளுக்கு நடுவே வளரும் முடியையும் நுனி மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். இந்த இரண்டை மட்டும் செய்தாலே சில நாய்கள் மறுபடி நாலு அடி நடப்பதைப் பார்க்கலாம்.

படுக்கைக்கு நான்கு அங்குல ஃபோம் வேண்டும். கையால் அழுத்தினால் அடித்தரை தட்டுப்படக் கூடாது. அதன்மேல் மெடிக்கல் கடையில் கிடைக்கும் ரப்பர் ஷீட், அதற்கு மேல் பருத்தித் துணி. சிறுநீர் அடக்க முடியாத நாய் என்றால், படுத்த படுக்கையாக இருக்கும் மனிதர்களுக்கு விற்கிற அண்டர்பேட் ஒன்றைத் துணிக்கு மேல் விரியுங்கள். தினமும் துவைக்கும் துணி பாதியாகக் குறையும்.

எழவே முடியாத நாயை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபக்கம் திருப்ப வேண்டும். இடுப்பெலும்பு, தோள், முழங்கை இந்த இடங்களில் முடி உதிர்ந்து தோல் சிவப்பது படுக்கைப் புண்ணின் முதல் அறிகுறி. நம் ஊரில் இதற்கு மேல் ஓர் ஆபத்து உண்டு: ஈ. மலமோ சிறுநீரோ பட்டு ஈரமாக இருக்கும் முடியில் ஈ முட்டையிட்டால் ஒரே நாளில் புழு வைக்கும். வால் அடி, பின்தொடையின் உட்பக்கம், காது மடல், இந்த மூன்று இடங்களையும் காலையும் மாலையும் முடியை விலக்கிப் பாருங்கள். பகலில் கொசுவலை போட்டு வையுங்கள். புழு கண்டால் டர்பன்டைன் ஊற்றுவது, மஞ்சள் அப்புவது என்று நேரம் கடத்தாமல் அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தூக்குவது

பத்துக் கிலோவுக்கு மேல் உள்ள நாயை அறுபது வயதைக் கடந்தவர் தனியாகத் தூக்கவே கூடாது. இதில் சமாதானம் பேச இடமில்லை. குனிந்து தூக்கும்போது நாய் ஒரு உதறு உதறினால், முதுகுத் தண்டில் பிடித்துக்கொண்டு வீட்டில் இரண்டு நோயாளிகள் ஆவார்கள்.

பின்னங்கால் பலவீனமான நாயை நடத்த நல்ல கருவி பழைய நாலு முழ வேட்டி. அதை நீளவாக்கில் மடித்து ஒரு சாண் அகலப் பட்டையாக்குங்கள். வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்குச் சற்று முன்னால், கொடுத்து எடுத்து, இரு முனைகளையும் முதுகுக்கு மேல் சேர்த்து ஒரே கையில் பிடியுங்கள். நிமிர்ந்து நின்றபடியே முனைகள் கையில் எட்ட வேண்டும். குளியல் துண்டில் சிக்கல் அதுதான்: நீளம் போதாது, பிடிப்பவர் கூனிக்கொண்டே நடப்பார். நாயை முழுக்கத் தூக்கிவிடாதீர்கள். பாதி எடை மட்டும் கையில், பாதங்கள் தரையில் ஊன்றியிருக்க வேண்டும். ஆண் நாய் என்றால் பட்டை சிறுநீர் வரும் வழியை அழுத்தாமல் சற்றுத் தள்ளிப் பிடியுங்கள். அழுத்தினால் வெளியே கூட்டிப் போயும் சிறுநீர் கழிக்காமல் உள்ளே வந்து படுக்கையில் விட்டுவிடும். மறுபடி துவைக்கும் வேலை.

இடம் மாற்ற வேண்டுமானால் தூக்காமல் இழுக்கலாம். தடித்த போர்வையில் நாயை உருட்டிப் படுக்கவைத்து, தலைப் பக்கத்து இரு மூலைகளையும் பிடித்துத் தரையோடு மெல்ல இழுப்பது. படி இறங்க வேண்டுமென்றால் இரண்டு பேர், போர்வையின் நான்கு மூலை. இரண்டாவது ஆள் யார் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். எதிர்வீட்டுப் பையன், வாட்ச்மேன், இஸ்திரிக் கடைக்காரர், யாராக இருந்தாலும் சரி. அவருடைய எண் போனில் முதல் வரிசையில் இருக்கட்டும். கடைசி நாளிலும் அவர் தேவைப்படுவார்.

இரவில் வயதான நாய் காரணமில்லாமல் எழுந்து நடப்பதும், மூலையில் முட்டிக்கொண்டு திரும்பத் தெரியாமல் நிற்பதும் மூளைத் தேய்மானத்தின் அறிகுறி. அதட்டிப் பயனில்லை. பாதை நெடுக ஒரு சின்ன இரவு விளக்கு எரியட்டும். அது நாய்க்கு மட்டுமல்ல, நடு இரவில் எழுந்து வரும் உங்களுக்கும்தான். பெரியவர்கள் இருட்டில் நாயின்மேல் தடுக்கி விழுவது எளிதில் நடந்துவிடும். கருப்பு நாய்க்கு வெள்ளைத் துணிப் பட்டை ஒன்றைக் கழுத்தில் கட்டினால் அரையிருட்டிலும் கண்ணில் படும்.

சிறுநீர், வாடை, துவைப்பு

முதலில் செய்யக் கூடாதவை. சிறுநீரின்மேல் நேராகப் பிளீச்சிங் பவுடர் தூவாதீர்கள். சிறுநீரிலுள்ள அமோனியாவோடு சேர்ந்து நுரையீரலை அரிக்கும் வாயு எழும். பிளீச்சிங்கையும் பாத்ரூம் ஆசிட்டையும் கலந்தால் குளோரின் வாயு வரும். கதவு மூடிய குளியலறையில் ஆஸ்துமா உள்ளவருக்கு அது உயிராபத்து. வீட்டில் பூனை இருந்தால் கறுப்பு பினாயிலைக் கொண்டே வராதீர்கள். பினால் வகைப் பொருட்களைப் பூனையின் ஈரலால் முறிக்க முடியாது. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே நஞ்சாகும்.

செய்ய வேண்டியது: பழைய செய்தித்தாளை நாலு மடிப்பாகப் போட்டு மிதித்து முதலில் உறிஞ்ச விடுங்கள். நேராக மாப்பு போட்டால் ஒரு கை அகல ஈரம் அறை முழுக்கப் பரவும். பிறகு சோப்புத் தண்ணீர், அதன் பிறகு வெறும் தண்ணீர். வாடை நின்றால் விட்ரிஃபைட் டைல்ஸில் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைக்கலாம். மார்பிள், மொசைக், பழைய ரெட் ஆக்சைடு தரைகளுக்கு வினிகரோ எலுமிச்சையோ ஆகாது. புளிப்பு, தரையின் பளபளப்பை அரித்துவிடும். அரித்த இடத்தில் வாடை இன்னும் ஆழமாக இறங்கும். அந்தத் தரைகளுக்குச் செல்லப்பிராணிக் கடைகளில் கிடைக்கும் என்சைம் திரவத்தை ஊற்றிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டுத் துடையுங்கள். பலர் ஊற்றிய உடனே துடைத்துவிட்டு, இது வேலை செய்யவில்லை என்கிறார்கள். என்சைம் வேலை செய்ய ஈரமும் நேரமும் வேண்டும்.

கையுறை கட்டாயம். காலில் வெடிப்போ புண்ணோ இருந்தால் செருப்பும் கட்டாயம். எலிக்காய்ச்சல் என்னும் லெப்டோஸ்பைரோசிஸ் நாயின் சிறுநீர் வழியாகவும் வரும். சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

துணிகளை வாஷிங் மெஷினில் போடுமுன் காய்ந்த நிலையிலேயே மொட்டை மாடியில் உதறுங்கள். நனைந்த முடி உருண்டு வடிகட்டியை அடைக்கும். மலம் பட்ட துணியைத் தனியாக அலசிவிட்டு, துணி தாங்குமென்றால் 60 டிகிரி சூட்டில் துவைக்கலாம். சோபாவில் ஒட்டிய முடிக்குத் துடைப்பம் எதற்கு? ரப்பர் கையுறையை லேசாக நனைத்து ஒரே திசையில் தடவினால் கயிறுபோலத் திரண்டு வரும்.

சாப்பாடு, தண்ணீர், மாத்திரை

வயதான நாய்க்கு மோப்பம் குறையும். பசி இல்லை என்று நாம் நினைப்பது பல சமயம் வாசனை எட்டாததுதான். சாப்பாட்டைக் கை பொறுக்கும் சூட்டில் வையுங்கள். இரண்டு வேளையை நாலு வேளையாகப் பிரியுங்கள். கிண்ணத்தைப் பலகையில் ஏற்றி மார்பு உயரத்துக்குக் கொண்டு வந்தால் கழுத்து வலியுள்ள நாய் கூடுதலாகச் சாப்பிடும். சாம்பார் சாதம், பிரியாணி மிச்சம் வேண்டாம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்த அணுக்களை உடைக்கும். திராட்சையும் உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும், பாயசத்தில் போட்டதும் சேர்த்து.

தண்ணீரை அளந்து வையுங்கள். ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 50 முதல் 60 மில்லி வழக்கமானது. பத்துக் கிலோ நாய் ஒரு நாளில் ஒரு லிட்டருக்கு மேல் குடித்தால், வெயில் என்று விட்டுவிடாமல் சிறுநீரகத்துக்கும் சர்க்கரைக்கும் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். அதேபோல், தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணுங்கள். 30-ஐத் தாண்டுவது நாளுக்கு நாள் தொடர்ந்தால் இதயமோ நுரையீரலோ சொல்லும் செய்தி அது. இந்த இரண்டு எண்களையும் தேதியோடு எழுதிக்கொண்டு போனால் மருத்துவருக்குப் பெரிய உதவி.

நம் வலி மாத்திரையை நாய்க்குத் தருவது பெரியவர்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் தவறு. மேசையில் மாத்திரை டப்பா கையெட்டும் தூரத்தில் இருக்கும், நாய் முனகும், மனம் கேட்காது. ஐபுபுரோஃபெனும் டைக்ளோஃபெனாக்கும் நாயின் குடலில் புண் உண்டாக்கி இரத்தம் கக்க வைக்கும், சிறுநீரகத்தையும் பறிக்கும். பூனைக்கு ஒரே ஒரு பாராசிட்டமால் போதும், உயிர் போய்விடும். நாய்க்கென்று தனி வலி மருந்துகள் இருக்கின்றன. கேளுங்கள், எழுதித் தருவார்கள்.

தானாகக் குடிக்காத நாயின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போகும். ஊசி இல்லாத சிரிஞ்சால் கன்னத்தின் ஓரம் இரண்டு மூன்று மில்லியாக விட்டு, விழுங்கியதைப் பார்த்த பிறகே அடுத்தது.

காலண்டரில் கணக்கு

"இன்னும் வைத்திருக்கலாமா, வலியில்லாமல் உயிரை முடிக்கும் ஊசி போட்டுவிடலாமா" என்ற கேள்வி ஒருநாள் வரும். அந்த நாளில் மனம் தெளிவாக இருக்காது. ஆகவே முன்னதாகவே எழுதத் தொடங்குங்கள். பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டரிலேயே, நல்ல நாளுக்கு ஒரு வட்டம், கெட்ட நாளுக்கு ஒரு கோடு. நல்ல நாள் எது என்பதை நாயைக் கொண்டே முடிவு செய்யுங்கள். கேட் தாழ்ப்பாள் சத்தத்துக்குத் தலை தூக்கும், மாலை டீக்கு மேரி பிஸ்கட் கேட்கும், வாசலில் கோலம் போடும்போது பக்கத்தில் வந்து படுக்கும்: இப்படி அதற்கென்று இருக்கும் மூன்று பழக்கங்களைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரண்டு இருந்தால் வட்டம். கோடுகள் வட்டங்களைத் தாண்டும் வாரம் மருத்துவரிடம் பேச வேண்டிய வாரம்.

இன்னும் விரிவாக வேண்டுமானால், அமெரிக்கக் கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004-இல் தந்த அளவுகோல் பல நாடுகளில் பயன்படுகிறது. வலியும் மூச்சும், பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். பத்து என்றால் குறையே இல்லை. 70-க்கு 35-ஐத் தாண்டினால் தொடர்ந்து பராமரிக்கலாம். கணவனும் மனைவியும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். இருவரின் எண்ணிலும் பெரிய வித்தியாசம் வந்தால், பெரும்பாலும் இரவில் எழுந்து பார்ப்பவரின் எண் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

பார்ப்பவரின் உடல்நிலையும் இந்த முடிவில் ஒரு பங்கு. அதைச் சொல்லப் பலர் கூசுகிறார்கள். பைபாஸ் செய்துகொண்டவர் முப்பது கிலோ நாயை நான்கு மணிக்கொருமுறை புரட்ட முடியாது. அது அன்புக் குறைவு அல்ல.

ஊசி போடும் நாள்

காலை நேரத்தைக் கேளுங்கள். அடக்கம் செய்யப் பகல் வெளிச்சம் மிச்சம் இருக்கும். முடிந்தால் மருத்துவரை வீட்டுக்கு அழையுங்கள். பணத்தை முன்பே கொடுத்துவிடுங்கள். முடிந்தபின் சில்லறை தேட வேண்டியிருக்கக் கூடாது. நாய்க்குப் பிடித்ததைச் சிறிது கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். படுக்கையின்மேல் புது அண்டர்பேட் விரித்து வையுங்கள்.

நடப்பது இதுதான். முதலில் மயக்க ஊசி. ஐந்து பத்து நிமிடத்தில் ஆழ்ந்து தூங்கும். முன்னங்காலில் ஊசிக்குழாய் ஏற்றுவார்கள். நீர்ச்சத்து வற்றிய கிழ நாய்க்கு நரம்பு கிடைக்கத் தாமதமாகும், இரண்டு மூன்று முறை குத்த நேரலாம். மயக்கத்தில் அதற்கு அது தெரியாது. பிறகு மயக்க மருந்தே மிக அதிக அளவில் செல்லும். சில நிமிடங்களில் இதயம் நிற்கும். மருத்துவர் ஸ்டெதஸ்கோப் வைத்துச் சொல்லும்வரை பொறுங்கள். கண் மூடாது. சிறுநீரும் மலமும் வெளியேறும். நின்ற பிறகும் ஓரிரு முறை பெருமூச்சு போல வரலாம், தசை துடிக்கலாம். அது தசையின் எஞ்சிய அசைவு மட்டுமே, உயிர் திரும்பி வருவது அல்ல. இதை முன்னரே தெரிந்துகொள்ளாதவர்கள், உயிரோடு புதைத்துவிட்டோமோ என்று வருடக்கணக்கில் வருந்துவதுண்டு. அதனால்தான் இவ்வளவு வெளிப்படையாக எழுதுகிறோம்.

இதய நோய் உள்ளவர் தனியாக நாயைப் பிடித்துக்கொண்டு உட்காரக் கூடாது. கூட ஒருவர் இருக்கட்டும். தாழ்வான முக்காலி ஒன்றைத் தலைமாட்டில் போட்டு உட்காருங்கள். தரையில் உட்கார்ந்தால் எழுவது சிரமம்.

வீட்டிலேயே தானாக இறந்தாலும் அடுத்த ஒரு மணி நேரத்து வேலை ஒன்றே. கால்களை மடக்கி, தலையை உள்ளே வளைத்து, தூங்கும் வாக்கில் வைத்துவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் விறைக்கத் தொடங்கும், பிறகு மடக்க முடியாது, குழியும் பெரிதாக வேண்டும். கழுத்துப் பட்டையை அப்போதே கழற்றுங்கள். சித்திரை, வைகாசி வெயிலில் ஐந்தாறு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். ஆள் வரும்வரை தள்ளிப்போட வேண்டியிருந்தால், ஐஸ் கட்டிகளை நீர் கசியாத பைகளில் போட்டு வயிற்றை ஒட்டி வைத்து, ஏசி அறையில் கிடத்துங்கள்.

இறப்பதற்கு முந்தைய பத்து நாட்களில் நாய் யாரையாவது கடித்திருந்தாலோ, விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகி, குணம் மாறி இறந்திருந்தாலோ உடனே புதைக்காதீர்கள். மருத்துவரிடம் சொல்லி ரேபிஸ் சந்தேகத்தைத் தெளிவுபடுத்துங்கள். கடிபட்டவர் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, முடிவுக்குக் காத்திராமல் தடுப்பூசி தொடங்க வேண்டும்.

குழி

சொந்த நிலம் இருந்தால் கிணறு, போர்வெல்லிலிருந்து நூறடி தள்ளி இடம் பாருங்கள். முப்பது கிலோ நாய்க்கு மூன்றடி நீளம், இரண்டரை அடி அகலம், நான்கடி ஆழம். உடலுக்கு மேல் மூன்றடி மண் நிற்க வேண்டும் என்பதுதான் கணக்கு. தோண்ட ஆள் வையுங்கள். நாள் குறித்த பிறகு முந்தின மாலையே தோண்டி, பலகை போட்டு மூடி வைப்பது நல்லது. துக்கத்தோடு எழுபது வயதில் கடப்பாரை பிடிப்பது நெஞ்சுவலியில் போய் முடியலாம்.

கடற்கரை மணலில் குழியின் சுவர் சரியும், மேல்வாயை அகலமாக வெட்ட வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் சென்னையின் தாழ்வான பகுதிகளில் மூன்றடியிலேயே தண்ணீர் ஊறும் இடங்கள் உண்டு. அங்கே புதைக்காமல் எரியூட்டுவதே சரி.

பருத்தித் துணியில் சுற்றுங்கள், பிளாஸ்டிக் சாக்கில் வேண்டாம், மக்காது. உப்பும் சுண்ணாம்பும் போட்டால் சீக்கிரம் கரையும் என்ற நம்பிக்கை ஊரெங்கும் உண்டு. உண்மையில் சுண்ணாம்பு மக்குவதைத் தாமதப்படுத்தும். உப்போ அந்த இடத்தில் வைக்கும் செடியைக் கருக்கும். சம்பிரதாயத்துக்கு ஒரு கைப்பிடி போதும். ஓரடி மண் போட்டு மிதித்து, அதன்மேல் உடைந்த கடப்பா கல் இரண்டைப் பரப்பி, மீதி மண்ணை மூடினால் தெரு நாய்கள் தோண்ட முடியாது. மேலே அரையடி மேடு விடுங்கள், மழைக்கு அமுங்கும். ஊசி போட்ட உடலில் மருந்தின் நஞ்சு நெடுநாள் நிற்கும். குப்பைத் தொட்டியிலோ ஏரிக் கரையிலோ போட்டால் தின்னும் காகம், பருந்து, நாய் எல்லாம் சாகும்.

நிலம் இல்லாதவர்கள் பிராணிகளுக்கான எரியூட்டு வசதி தங்கள் ஊரில் எங்கே இருக்கிறது, நேரம் என்ன, சாம்பல் தருவார்களா என்பதை நாய் உயிரோடு இருக்கும்போதே விசாரித்து எழுதி வைக்க வேண்டும். சிகிச்சை பார்த்த மருத்துவரிடமே கேட்கலாம். சென்னை வேப்பேரியிலும் நாமக்கல்லிலும் ஒரத்தநாட்டிலும் திருநெல்வேலியிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம்.

அடுத்த நாள் முதல்

அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டியவை சில உண்டு: நனைந்த அண்டர்பேட், கெட்டுப்போகும் சாப்பாடு, மருந்து, ஊசி. ஊசிகளை மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு மருத்துவரிடம் கொடுங்கள். மிச்ச மாத்திரைகளை வீட்டில் வைக்காதீர்கள், உங்கள் மாத்திரையோடு கலந்துவிடும்.

உண்ணி இருந்த நாய் என்றால் உடல் குளிர்ந்ததும் உண்ணிகள் இறங்கி நடக்கும். சுவர் விரிசல், கட்டில் இடுக்கு, சோபா அடி என்று ஒளிந்து, இரை இல்லாமலே பல மாதம் உயிரோடு இருக்கும். படுக்கையை உடனே மூட்டையாகக் கட்டி வெளியேற்றி, இடுக்குகளை வேக்குவம் போட்டு உறிஞ்சி, இரண்டு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

மற்றவை அப்படியே இருக்கட்டும். ஊரிலிருந்து வரும் பிள்ளைகள் செய்யும் தவறு, அம்மா பார்த்தால் அழுவார் என்று அன்றிரவே கிண்ணம், சங்கிலி, பாய் எல்லாவற்றையும் எடுத்து மறைத்துவிடுவது. காலையில் எழுந்து வரும் அம்மாவுக்கு நாயும் இல்லை, நாய் இருந்த அடையாளமும் இல்லை. பதினான்கு வருடம் கிண்ணம் வைத்த இடத்தில் மொசைக் தரையில் ஒரு வட்டம் வெளுத்துக் கிடக்கும். அதைத் தேய்த்துப் போக்கவும் அவசரப்படாதீர்கள். எதை, எப்போது எடுப்பது என்று அவர்களே சொல்லட்டும். ஒன்று மட்டும் விதிவிலக்கு: தடுக்கி விழ வைக்கும் பாய்களும் நடைவழியில் உள்ள தண்ணீர்க் கிண்ணமும். அவற்றைக் கேட்டுவிட்டு ஓரமாக நகர்த்துங்கள். போர்வைகளில் ஒன்றைத் துவைக்காமல் பையில் கட்டி வையுங்கள். மற்றெல்லாவற்றையும் துவைத்த பிறகு வாசனை வேண்டுமென்று கேட்பார்கள். அப்போது கொடுக்க ஒன்று இருக்க வேண்டும்.

மாத்திரைதான் அடுத்த கவலை. பலர் தங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை நாய்க்குச் சாப்பாடு வைக்கும் நேரத்தோடு சேர்த்துப் போட்டு வந்திருப்பார்கள். அது போனதும் இது மறக்கும். மாத்திரை டப்பாவைக் காபி டபரா பக்கத்தில் மாற்றி வைத்து, முதல் ஒரு மாதம் வெளியூரிலிருக்கும் மகனோ மகளோ அந்த நேரத்தில் போன் செய்யட்டும். "மாத்திரை போட்டாச்சா?" என்பதைவிட "காபி ஆச்சாம்மா?" என்று கேட்டால் பேச்சு நீளும்.

காலை நடை நிற்கக் கூடாது. அதே நேரம், வேறு தெரு. பழைய தெருவில் பால்காரர் முதல் பூக்காரம்மா வரை "எங்கே, அது வரலையா?" என்று கேட்பார்கள். அதற்கு ஒரு வரியை முன்பே தயார் செய்துகொள்ளச் சொல்லுங்கள்: "வெள்ளிக்கிழமை போயிடுச்சுங்க, வயசாச்சு." வீட்டு வேலைக்கு வரும் அம்மாவுக்கும் சொல்லி, அவரையும் உட்கார வைத்து ஒரு டீ கொடுங்கள். அவரும் அதை அத்தனை வருடம் பார்த்தவர்.

இரவில் இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் எழுந்து பழகிய உடம்பு சில வாரம் எழுந்துகொண்டுதான் இருக்கும். தூக்க மாத்திரையைத் தாமாகத் தொடங்க வேண்டாம். முதுமையில் அது இரவு விழுதலுக்கு நேர்வழி. இரண்டு வாரம் தாண்டியும் சாப்பாடு இறங்கவில்லை, எடை குறைகிறது, இருந்து என்ன பயன் என்ற பேச்சு வருகிறது என்றால் மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம், மூத்தோருக்கான உதவி எண் 14567.

மறதி நோய் உள்ள பெரியவர் தினமும் நாயைக் கேட்டால், செத்துப்போனதை ஒவ்வொரு முறையும் சொல்லாதீர்கள். ஒவ்வொரு முறையும் அவருக்கு அது புதுச் செய்தி. "அது சின்னதா இருக்கும்போது செருப்பைக் கடிக்குமே, ஞாபகம் இருக்கா?" என்று பேச்சைத் திருப்புங்கள்.

வீட்டில் மிஞ்சியிருக்கும் பிராணி

இன்னொரு நாயோ பூனையோ இருந்தால், தொற்றுநோயால் இறக்கவில்லை என்றால், உடலை மோந்து பார்க்க விடுங்கள். சில நாள் தேடும், குறைவாகச் சாப்பிடும். நாய் பரவாயில்லை. பூனை இரண்டு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் ஈரலில் கொழுப்புப் படிந்து உயிருக்கே ஆபத்தாகும். மூன்றாம் நாள்வரை காத்திருக்க வேண்டாம்.

புதுக் குட்டி வாங்கித் தருவது பிள்ளைகளுக்கு முதலில் தோன்றும் யோசனை. கேட்காமல் வாங்காதீர்கள். எழுபது வயதில் வரும் குட்டிக்கு எண்பத்துநாலு வரை ஆள் வேண்டும். முதல் ஒரு வருடம் அது சங்கிலியை இழுக்கும் இழுப்பில் மணிக்கட்டு முறியலாம். பெரியவர்களே விரும்பிக் கேட்டால், காப்பகத்திலிருந்து ஏழெட்டு வயதான, சாந்தமான, பத்துப் பன்னிரண்டு கிலோவுக்கு உட்பட்ட நாயைப் பாருங்கள். தங்களுக்கு முடியாமல் போனால் அது யாரிடம் போகும் என்பதை எழுதி, அந்த ஆளின் சம்மதத்தையும் வாங்கிய பிறகே கூட்டி வாருங்கள். அதுவரை மிச்சமிருக்கும் பிரிக்காத தீவனப் பையைக் காப்பகத்துக்குக் கொடுக்கலாம். பிரித்ததை மழைக்காலத்தில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும்; தெருமுனை நாய்களுக்கு நாலு நாளாகப் பிரித்து வைத்துவிடுங்கள். மாநகராட்சி உரிமம் எடுத்திருந்தால் இறந்த தேதியைத் தெரிவித்து ரத்து செய்யச் சொல்லுங்கள். இல்லையென்றால் அடுத்த வருடம் புதுப்பிக்கச் சொல்லி அதன் பெயரிலேயே வீட்டுக்கு ஒரு செய்தி வரலாம்.